எதிர்ப்பக்கத்துக் கல்

கிட்டே வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். அணைக்காற்று எதிரே அடிக்கிறது. நான் ஒன்று சொன்னால் உங்கள் காதில் பாதிதான் விழும். இந்தக் கதையில் பாதி விழுந்தால் போதாது.

எங்கள் அணையில் மீன் பிடிக்கிறவர்கள் பரிசலில் போவார்கள். வட்டமான பெரிய கூடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. ஒரு பக்கம் ஒருத்தர் உட்கார்ந்து துடுப்புப் போடுவார். எதிர்ப்பக்கம் ஒருத்தர் உட்கார்ந்து வலை விடுவார். துடுப்பு பெண்டாட்டி, வலை புருஷன். எங்கள் கரையில் அதுதான் வழக்கம். இரண்டு பக்கமும் கனம் இருந்தால்தான் பரிசல் மட்டமாக நிற்கும். ஒரு பக்கம் காலியானால் மறுபக்கம் தண்ணீரை மொள்ளும்.

மாதம்மாள் பத்தொன்பது வயதில் துடுப்பைப் பிடித்தாள். இப்போது நாற்பத்தாறு. இத்தனை வருஷம் அவளுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவன் சென்னப்பன், அவள் புருஷன். ஒல்லி ஆள். அதிகம் பேச மாட்டான். ஒரே மகள், திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று.

மூன்று வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் சென்னப்பன் அக்கரைக்குப் போவான். வலை பின்னக் கொடுத்திருக்கிறேன் என்பான். மாதம்மாள்தான் கொண்டுபோய் விடுவாள். "இதோ வந்துடறேன்" என்று மேட்டில் ஏறிப் போவான். அவள் வேலமரத்தடியில் பரிசலைக் கட்டிவிட்டு, வெற்றிலையை மென்றுகொண்டு, அவன் வருகிறவரைக்கும் உட்கார்ந்திருப்பாள். வந்ததும் ஏற்றிக்கொண்டு திரும்புவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி அவளும் மேட்டில் ஏறினாள். முதல் வீட்டுக் கூரை இறவாணத்துக் கொடியில் ஒரு லுங்கி தொங்கியது. கிழிந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்று அவள் புருஷன் சொன்ன லுங்கி. அது கிழியவே இல்லை. துவைத்து, உதறி, ஒழுங்காகப் போட்டிருந்தது.

திரும்பி வந்து நனைந்துகொண்டே பரிசலில் உட்கார்ந்தாள். அவன் வந்தான். ஏற்றிக்கொண்டு வந்தாள். இக்கரையில் இறங்கின பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இனிமே நீ அங்கேயே இருந்துக்கய்யா."

அவன் இல்லை என்று சொல்லவில்லை. ஈர மண்ணைக் கால் விரலால் கொஞ்ச நேரம் கிளறினான். அப்புறம் வீட்டுக்குப் போய் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு வந்தான்.

"சரி, கொண்டுபோய் விடு."

அவளும் கொண்டுபோய் விட்டாள்.

கேட்டீர்களா? புருஷனைப் போ என்று சொன்னவள், தானே துடுப்புப் போட்டு, பை நனையாமல் மடியில் வைத்துக்கொள் என்று சொல்லி, அக்கரையில் இறக்கிவிட்டு வந்தாள். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. "அந்தாளு செஞ்சதுகூட இருக்கட்டும். இந்தக் கைக்கு என்ன கேடு?" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

அன்றைக்குத் தனியாகத் திரும்பும்போது பரிசல் அவள் பக்கமே சாய்ந்தது. தண்ணீரை இறைப்பதும் துடுப்புப் போடுவதுமாகத் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தாள். மறுநாள் கரையில் கிடந்த ஒரு கருங்கல்லை உருட்டிக்கொண்டு வந்து சென்னப்பன் உட்காரும் இடத்தில் வைத்தாள். ஒரு மூட்டைக் கனம். சென்னப்பனும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருப்பான். பரிசல் மட்டமாக நின்றது.

கரையில் சிரித்தார்கள். பக்கத்துப் பரிசல் கூத்தாயி இருக்கிறாளே, அவள் வாய் சும்மா இருக்காது.

"பரவால்ல மாதம்மா. இந்தப் புருஷன் எங்கேயும் எறங்கிப் போக மாட்டான்."

"சோறும் கேக்க மாட்டான்" என்றாள் மாதம்மாள். அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போய் என்ன செய்தாளோ.

ஆனால் கல்லை வைத்துக்கொண்டு துடுப்புப் போடலாம், வலை விட முடியாது. வலை விடுகிற இடத்தில் கல் உட்கார்ந்திருக்கிறது. அவள் எழுந்து அந்தப் பக்கம் போனால் கல்லும் அவளும் ஒரே பக்கம். பரிசல் கவிழப் பார்க்கும். கல்லை எடுத்துவிடலாம் என்றால் பயம். இப்படியே நாலு மாதம் கல்லை ஏற்றிக்கொண்டு தண்ணீரில் ஒரு சுற்றுப் போவாள், வெறும் பரிசலோடு வருவாள். மற்றவர்கள் வலையிலிருந்து மீன் கழற்றிக் கொடுத்து வயிற்றைக் கழுவினாள்.

கரைக்கு மேலே, ஒரு காலத்தில் நீர்மட்டம் பார்க்கக் கட்டின சின்ன அறை ஒன்று உண்டு. இப்போது அங்கே யாரும் எதையும் அளப்பதில்லை. அதில் தவசிச்சாமி இருந்தார். சாமி என்றதும் நரைத்த தாடியை நினைத்துக்கொள்ளாதீர்கள். மாதம்மாளைவிட ஆறு வயது சின்னவர். மண்டியில் மூட்டை தூக்கினவர். பிடரியில் காய்ப்பு இன்னும் இருந்தது. ஒருநாள் தோளில் இருந்த மூட்டையை இறக்கி வைத்தார், அடுத்த மூட்டையை எடுக்காமல் நடந்து வந்துவிட்டார் என்பார்கள். அவரைக் கேட்டால் "கழுத்து வலிச்சுது" என்பார். வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார். அணைக்கரையில் குடியிருந்தாலும் தண்ணீர் என்றால் அவருக்கு நடுக்கம். சொம்பில் மொண்டுதான் குளிப்பார்.

மாதம்மாள் தினமும் காலையில் போய் அந்த வாசலைக் கூட்டுவாள். கூட்டிக்கொண்டே கேள்வி கேட்பாள். அவள் அவரைச் சாமி என்பாள், அவர் அவளை அக்கா என்பார். யாருக்கு யார் சீடர் என்று புதிதாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. கேள்வி வந்ததும் அவளுக்குக் கை நின்றுவிடும். பேச்சு முடிந்ததும் எதுவரைக்கும் கூட்டினோம் என்பது மறந்து, வாசலின் முதல் மூலைக்குப் போய் மறுபடி முதலிலிருந்து கூட்டுவாள். ஒரு வாசலை ஒரு காலையில் மூன்று தரம் கூட்டின நாள் உண்டு.

ஒருநாள் கேட்டாள்.

"இருபத்தேழு வருஷமும் பொய்தானா சாமி?"

"அந்த வருஷமெல்லாம் மீன் பிடிச்சீங்களா அக்கா?"

"பிடிச்சோம்."

"வித்தீங்களா?"

"வித்தோம்."

"வாங்கிக் கொழம்பு வெச்சவங்க சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டிருப்பாங்க."

"அவங்க வீட்டுக்கெல்லாம் போய், அது பொய் மீனுன்னு சொல்லிட்டு வாங்க."

மாதம்மாள் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

"புரியல சாமி."

"எனக்கும் முழுசாப் புரியல. சொல்லும்போது நல்லா இருந்துச்சு."

இன்னொரு நாள் கேட்டாள்.

"எல்லாரும் புதுசா ஆரம்பி, புதுசா ஆரம்பின்னு சொல்றாங்க. என் மவளும் போன்ல அதான் சொல்லுது. எங்கேருந்து சாமி ஆரம்பிக்கிறது? பத்தொம்பது வயசுலேருந்தா? அந்த லுங்கியப் பாத்த நாள்லேருந்தா?"

சாமி கஞ்சியைக் கிளறினார். அவள் முதல் மூலைக்குப் போய்க் கூட்டினாள்.

இப்படி இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலையில் மாதம்மாள் விளக்குமாற்றைத் தொடாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் பரிசல் போவப் போவுது சாமி."

"எங்கே?"

"அக்கரைக்குத்தான். வேறெங்கே?"

நடந்தது இதுதான். பரிசலுக்கு உரிமம் கொடுப்பது மீன்பிடிச் சங்கம். அந்தப் பரிசல் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. சென்னப்பன் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டான்: அவள் நாலு மாதமாக மீன் கொண்டுவரவில்லை, பரிசல் சும்மா கிடக்கிறது, எனக்கு இப்போது துடுப்புப் போட ஆள் இருக்கிறது, பரிசலை எனக்கு மாற்றுங்கள் என்று. சங்கத் தலைவர் ஜடையப்பன் நல்லவர்தான். ஆனால் சட்டம் பேசுகிறவர். மாதம்மாளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "பரிசலுக்கு ரெண்டு ஆளு வேணும். உனக்கு ரெண்டாவது ஆளு யாரு? யாருமில்லையா? அப்ப வெள்ளிக்கிழமைக்குள்ள தனியாப் போயி வலை விட்டு மீனோட வந்து காட்டு. இல்லேன்னா எனக்கு வேற வழியில்ல."

"நான் துடுப்புக்காரி சாமி. வலை எனக்கு வராது. பரிசலும் போச்சுன்னா மவ வீட்டுத் திண்டாட்டந்தான். இல்லேன்னா இங்கேயே இருந்துடறேன். கூட்டிக்கிட்டு, கஞ்சி குடிச்சுக்கிட்டு."

சாமி கஞ்சிச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நாளைக்கு என்னை அக்கரைக்குக் கொண்டுபோய் விடுங்க அக்கா."

"நீங்களா? தண்ணியிலயா?"

"வேலை இருக்கு."

"அந்தக் கரை தவிர எங்க வேணாலும் கேளுங்க."

"எனக்கு வேலை அந்தக் கரையிலதான்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சாமி பரிசலுக்குள் காலை வைத்து, எடுத்து, வைத்து, எடுத்து, ஒருவழியாக உள்ளே உட்கார்ந்தார். நடுவில் சம்மணம் போட்டு, இத்தனை நாளும் பரிசலிலேயே கிடந்த வலைக்குவியலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"கல்லை எறக்கிட்டு அந்தப் பக்கம் சாஞ்சு உக்காருங்க சாமி, சௌகரியமா இருக்கும்."

"வேண்டாம். அவரு முன்னாடியே உக்காந்திருக்காரு."

கூத்தாயி கரையிலிருந்து பார்த்தாள். "ஒரு பரிசல்ல ரெண்டு ஆம்பளையா? நடத்து நடத்து" என்றாள்.

மாதம்மாள் துடுப்புப் போட்டாள்.

"நடுத்தண்ணி வந்துடுச்சா அக்கா?"

"முட்டியளவு தண்ணியே இன்னும் தாண்டல. கண்ணத் திறங்க."

"நீங்க சொல்லிக்கிட்டே வாங்க, போதும். அவருகிட்டப் பேசுவீங்களா?"

"யாருகிட்ட?"

சாமி கண்ணைத் திறக்காமலே கல் இருந்த பக்கம் மோவாயை நீட்டினார்.

"திட்டுவேன்."

"பதில் சொல்வாரா?"

"அந்தாளும் சொன்னதில்ல."

நாலு துடுப்புப் போட்டாள். அப்புறம் அவளாகப் பேசினாள்.

"சாமி, யாருகிட்டயும் சொல்லாதது ஒண்ணு இருக்கு. அன்னிக்கு மழையில அந்த வீட்டுல ஒதுங்கினேன்ல. அந்தப் பொம்பள வெளிய வந்துச்சு. யாருன்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பரிசல்காரின்னேன்."

துடுப்பு நின்றுவிட்டது.

"பெண்டாட்டின்னு ஏன் சாமி எனக்கு வாயில வரல? கொடியில லுங்கி தொங்குது. அதப் பாத்துக்கிட்டே சொல்றேன், பரிசல்காரின்னு. அது உள்ள போயி ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. அதையும் வாங்கிக் குடிச்சேன். இதை என்னன்னு வெச்சுக்கறது?"

"அக்கா, பரிசல் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

"எனக்குப் பயமா இருக்கு. போடுங்க."

அவள் போட்டாள்.

அக்கரை வந்தது. காலில் காய்ந்த மண் பட்ட பிறகுதான் சாமி கண்ணைத் திறந்தார். தோள்துண்டைச் சுருட்டிப் பிடரியில் வைத்துக்கொண்டார், மண்டியில் வைப்பதுபோல.

"ஒரு கை குடுங்க."

"எதுக்கு?"

"பரிசல்காரின்னு சொல்லிட்டீங்க. ஏத்தின ஆளை எறக்கி விடணும்ல."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கை பழக்கத்தில் போய்விட்டது. அவளும் அவரும் சேர்ந்து தூக்க, கல் அவர் பிடரியில் ஏறி உட்கார்ந்தது. சாமி ஒரு தரம் மூச்சை இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்க சாமி கொண்டுபோறீங்க?"

"அந்த வீட்டுல விட்டுட்டு, இதோ வந்துடறேன்."

அதே வார்த்தை. அதே மேடு. மாதம்மாளின் உடம்பு தானாக வேலமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தது. கை தானாக மடியை அவிழ்த்து வெற்றிலையை எடுத்தது.

ஒரு வெற்றிலை. இரண்டு. மேட்டில் யாரும் தெரியவில்லை. மூன்றாவது வெற்றிலைக்குக் காம்பு கிள்ளும்போது கை நின்றது. நிழல் அவளை விட்டுவிட்டு மரத்தின் அந்தப் பக்கம் போயிருந்தது. அவள் வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப யாருக்காக உக்காந்திருக்கேன்?" என்று சத்தமாகவே கேட்டாள். பதில் சொல்லப் பரிசலில் கல்கூட இல்லை.

கூட்டிக்கொண்டு வரலாம் என்று மேட்டில் நாலு அடி ஏறினாள். அந்த வீட்டுக் கொடி நினைவு வந்தது. இறங்கினாள். மறுபடி இரண்டு அடி ஏறினாள். மறுபடி இறங்கினாள். போகவும் தெரியவில்லை, இருக்கவும் தெரியவில்லை. சாமி மேல் கோபமா, சென்னப்பன் மேல் கோபமா, வெற்றிலை மேல் கோபமா என்றும் தெரியவில்லை. வாயிலிருந்ததைத் துப்பினாள். கயிற்றை அவிழ்த்தாள். பரிசலைத் தள்ளி ஏறிவிட்டாள்.

ஏறின பிறகுதான் கல் இல்லை என்பது உறைத்தது. பரிசல் அவள் பக்கம் சாய்ந்து ஒரு வாய் தண்ணீரை அள்ளியது. பின்னால் நகர்ந்தாள். துடுப்பு எட்டவில்லை. முன்னால் வந்தாள். சாய்ந்தது. முட்டி போட்டாள். ஒரு முட்டி முன்னே, ஒரு முட்டி பின்னே. சாய்வு கொஞ்சம் அடங்கியது. ஆனால் பரிசல் சுற்ற ஆரம்பித்தது.

பரிசல் சுற்றினால் சென்னப்பனுக்கு ஆகாது. "சுத்துது பாரு, சுத்துது பாரு, கைய வெச்சுக்கிட்டு என்ன பண்றே" என்பான். அவன் நிறையப் பேசினது அது ஒன்றுதான். ஆகவே இருபத்தேழு வருஷம் அவள் பரிசலைச் சுற்றவிட்டதில்லை. இப்போதும் துடுப்பை இந்தப் பக்கம் போட்டுப் பார்த்தாள், அந்தப் பக்கம் போட்டுப் பார்த்தாள். அது பாட்டுக்குச் சுற்றியது. நிறுத்தப் போன அவசரத்தில் அவள் கால் பட்டு வலையின் ஒரு நுனி வெளியே விழுந்தது. விழுந்த நுனி தண்ணீரில் நின்றது. பரிசல் சுற்றச் சுற்ற, குவியலிலிருந்து வலை தன்னாலே அவிழ்ந்து வெளியே போனது.

மாதம்மாள் துடுப்பை எடுத்து மடியில் வைத்தாள். சுற்றட்டும் என்று விட்டுவிட்டாள். சிக்கு வந்த இடத்தில் மட்டும் விரலால் எடுத்துவிட்டாள். வலை வட்டமாக விழுந்தது.

வலை விட்ட பிறகு துடுப்பால் தண்ணீரை அடிப்பார்கள். மீன் மிரண்டு ஓடி வலையில் போய்ச் சிக்கும். பத்துப் பதினைந்து அடி போதும். அவள் எத்தனை அடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. இக்கரையிலிருந்த கூத்தாயி, "நடு அணையில எவடி அது, ஊர்த் துணியெல்லாம் துவைக்கிறவ?" என்று புருவத்தில் கையை வைத்துப் பார்த்தாளாம். யார், எத்தனை பேர் என்று பிடிபடாத தூரம்.

வலையை இழுத்தாள். ஏழெட்டு ஜிலேபிக் கெண்டை, ஒரு கட்லா மீன். ரொம்ப மீன் ஒன்றும் இல்லை. மீனையும் ஈர வலையையும் எதிர்ப்பக்கம் போட்டாள். கல் அளவுக்குக் கனம் இல்லை. பரிசல் கொஞ்சம் சாய்ந்தபடியேதான் வந்தது. வந்து சேர்ந்துவிட்டது.

மத்தியானம் சங்கத்தில் மீனை நிறுத்தார்கள். "தனியாவா வந்தே?" என்றார் தலைவர்.

"தனியாத்தான்."

"காலையில சாமியோட போனியே."

"போனேன்."

"அவரு எங்கே?"

"தெரியாது" என்றாள். நிஜமாகவே தெரியாது. பொழுது சாய்கிற நேரத்தில் சாமி பஸ்ஸில் வந்து இறங்கினதாக யாரோ சொன்னார்கள். அவள் போய்ப் பார்க்கவில்லை. புதன், வியாழன் வாசல் கூட்டவும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை சங்கத்துக் கொட்டகையில் கூட்டம். சென்னப்பன் வந்திருந்தான். சட்டை மடிப்பாக இருந்தது. மாதம்மாள் அந்த மடிப்பைத்தான் பார்த்தாள்.

"செவ்வாக்கிழமை மீன் வந்திருக்கு" என்றார் தலைவர். "ஆனா அன்னிக்கு சாமியும் பரிசல்ல ஏறினதைக் கரையே பார்த்திருக்கு. அவரு வலை விட்டாரா, கல்லுதான் கனத்துக்கு இருந்துச்சா, யாருக்குத் தெரியும்? தனியான்னு நான் எப்படி எழுதறது?"

மாதம்மாள் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். நான் தனியாக இருந்தேன் என்பதற்கு அவள் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவாள்?

சென்னப்பனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டான்.

"அந்தச் சாமியப் பத்தி நானே சொல்லணும்னுதான் வந்தேன். ஒரு கல்லத் தூக்கிட்டு வந்து என் வாசல்ல போட்டுட்டாருங்க. ஊர் சிரிக்குது. போட்டவரு போனாரா? வெயில் தாழற வரைக்கும் என் வீட்டுலயே உக்காந்து ரெண்டு சொம்பு மோர் குடிச்சாரு. அப்புறம் பஸ்ஸுக்கு வழி கேட்டாரு. நானே கொண்டுபோய் ஏத்திவிட்டேன். இதெல்லாம் இவ சொல்லித்தான் நடந்திருக்கு."

கொட்டகையில் எல்லாரும் தலைவர் பக்கம் திரும்பினார்கள்.

"செவ்வாக்கிழமையா?" என்றார் தலைவர்.

"செவ்வாக்கிழமைதான்."

"மத்தியானமும் உன் வீட்டுலதான் இருந்தாரு?"

"சொல்றேனே, மோர் குடிச்சுக்கிட்டு."

"கல்லு?"

"அதுவும் என் வாசல்லதான்."

"இவ மத்தியானம் மீனோட வந்து எறங்கினா. சாமி உன் வீட்டுல. கல்லு உன் வாசல்ல. அப்ப பரிசல்ல யாரு இருந்தா சென்னப்பா?"

பின்வரிசையில் கூத்தாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சென்னப்பன் ஈர மண் இல்லாத சிமெண்டுத் தரையைக் கால் விரலால் கிளறினான். பரிசல் மாதம்மாள் பெயருக்கு எழுதப்பட்டது.

வெளியே வரும்போது அவன் அவளுக்குப் பக்கத்தில் வந்தான்.

"வலையில ஒரு ஓரம் கிழிஞ்சிருந்துச்சே. கட்டினியா?"

"கட்டினேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்று நின்றாள். அவன் பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

சனிக்கிழமை காலையில் சாமி வாசலில் நாலு நாள் குப்பை கிடந்தது. மாதம்மாள் பேசாமல் விளக்குமாற்றை எடுத்தாள். முதல் மூலையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாள். பாதி வாசல் வந்ததும் கை நின்றது.

"வந்துடறேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"வரல."

"வரல."

"அப்ப அதுவும் பொய்."

"பொய்தான் அக்கா."

சாமி கஞ்சிச் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?" என்றார்.

"நிழல் மரத்துக்கு அந்தப் பக்கம் போற வரைக்கும்."

"அதுக்கு முந்தி?"

அவள் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி ஒடித்தாள்.

"மூணு வருஷம்."

சாமி சட்டியைக் கவிழ்த்து வைத்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. எது முதலில் வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அந்த வீட்டுல என்ன நடந்துச்சு சாமி?"

"அந்தம்மா வெளிய வந்து, யாருன்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மூட்டை தூக்கறவன்னேன். இது என்னன்னு கேட்டுச்சு. உங்க வீட்டு ஆளோட கனம்னேன்."

"அதுக்கு?"

"துவைக்கக் கல்லு இல்லாம கஷ்டப்பட்டுச்சாம். ஓரமாப் போடச் சொல்லுச்சு. நான் மோர் குடிச்சு முடிக்கறதுக்குள்ள அதுல நாலு துணி துவைச்சு முடிச்சுடுச்சு."

மாதம்மாள் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"லுங்கியும் இருந்துச்சா?"

"நான் பாக்கல அக்கா."

"எனக்கு இன்னும் ஒண்ணும் தெளியல சாமி. நேத்து அந்தாளு வலையக் கட்டினியான்னு கேட்டதும் கட்டினேன்னு பதில் சொன்னேன். கல்லு போயிடுச்சு. இன்னும் ஏன் பதில் சொல்றேன்?"

"கட்டினீங்களா?"

"கட்டினேன்."

"அப்ப சரியான பதில்தானே."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கிண்டலா என்று தேடினாள். கிடைக்கவில்லை.

"அடுத்த செவ்வாக்கிழமையும் அக்கரையில ஒரு வேலை இருக்கு அக்கா" என்றார் சாமி.

"பஸ்ஸுல போங்க சாமி."

கீழே கரையில் கூத்தாயி கூப்பிட்டாள். "மாதம்மா, காத்து தூக்கறதுக்குள்ள வர்றியா, இல்ல அங்கேயே சாமியாரா ஆயிட்டியா?"

"வர்றேன்டி."

வருகிறேன் என்றாளே தவிர, போகவில்லை. பாதி கூட்டின வாசலைப் பார்த்தாள். எதுவரைக்கும் கூட்டினோம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வழக்கம்போல முதல் மூலையைப் பார்த்துத் திரும்பினாள்.

சாமி எழுந்து வந்தார். அவள் கையிலிருந்து விளக்குமாற்றை வாங்கிக்கொண்டார். முதல் மூலைக்குப் போகவில்லை. அவள் விட்ட இடத்தில் குனிந்து, அங்கிருந்து கூட்ட ஆரம்பித்தார்.